காலையில் மட்டும் எடுக்காத வண்டி

எங்கள் வீட்டில் ஒரு இண்டிகா நிற்கிறது. 2006 மாடல், டீசல். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் 2014-ல் வாங்கினேன். அதற்கு முன்னால் எத்தனை கல்யாணத்துக்கும் எத்தனை எழவுக்கும் போய்வந்ததோ, அதையெல்லாம் மீட்டர் சொல்லாது. 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்கு நீட்டி வாங்கியிருக்கிறேன். பின் சீட்டை மடக்கிப் போட்டால் முருங்கைக்காய்க் கட்டு இருபது கொள்ளும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அதை இறக்கிவிட்டுச் சீட்டை நிமிர்த்தினால் மறுபடி மனுசங்க வண்டி.

"வித்துட்டு சின்னதா ஒரு பெட்ரோல் வண்டி எடுங்கப்பா"ன்னு திருப்பூரில் இருக்கிற மகன் ரெண்டு வருஷமாகச் சொல்கிறான். விற்கலாம். ஆனால் இதற்குக் கிடைக்கிற காசில் புது வண்டிக்கு டயர்தான் வாங்கலாம்.

இந்த வண்டி காலையில் எடுக்க வேண்டியது எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் என் அக்கா இருக்கிறது. மாமா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. சர்க்கரையில் ஆரம்பித்து இப்போது ரெண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். முதல் ஷிப்டு, காலை ஆறரைக்கு ஆள் அங்கே இருக்கணும். நாலு மணி நேரம் மிஷினில் படுக்கணும். எங்க ஊருக்கு முதல் பஸ் ஆறு மணிக்கு மேலேதான். வாடகைக் கார் என்றால் போய்வர 1,800 ரூபாய். மாசத்துக்கு எட்டு தடவை, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் ஆகிவிடுகிறது. கார் வாடகைக்கு எந்த அட்டையும் கிடையாது. ஒரு தவணை தவறினால் காலில் நீர் ஏறிவிடும், அடுத்த ராத்திரி அக்காவால் படுக்க முடியாது, உட்கார்ந்தே மூச்சு வாங்கும். ஒருதரம் பார்த்திருக்கிறேன். போதும்.

ஆகவே செவ்வாய், வெள்ளி விடியக்காலம் நாலே முக்காலுக்கு இந்த வண்டி எடுத்தாகணும். போன மார்கழியில் அது எடுக்க அடம்பிடிக்க ஆரம்பித்தது.

நான் மெக்கானிக் இல்லை. பத்தாவதோடு சரி. ஆனால் டீசல் இன்ஜின் எனக்குப் புதுசு இல்லை. எங்க கிணத்துக்குக் கரண்ட் வரும்வரைக்கும் 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜின்தான். வால்வைத் தூக்கிப்பிடிக்கும் லீவரைப் போட்டுவிட்டு, கைப்பிடியை மாட்டி, வீல் வேகம் பிடிக்கிறவரைக்கும் சுத்து சுத்தென்று சுத்தணும். வேகம் வந்ததும் லீவரைத் தட்டிவிட்டால் 'டுப்' என்று ஒரு சத்தம், அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். வேகம் பத்தாவிட்டால் எடுக்காது. பனிக்காலத்தில் இன்ஜின் சில்லென்று இருந்தாலும் எடுக்காது. எங்கப்பா ஒரு குடம் வெந்நீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றச் சொல்வார். டீசல் பைப்பில் காத்து புகுந்திருந்தால் கையே ஒடிந்தாலும் எடுக்காது. இந்த மூன்றும்தான் என் படிப்பு.

காரும் அதே சங்கதிதான். பெட்ரோல் வண்டியில் பிளக்கில் பொறி பறக்கும், அது நெருப்பு வைக்கும். டீசலுக்குப் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அந்தச் சூடுதான் இங்கே தீக்குச்சி. காத்தை இருபது மடங்குக்கு மேல் நசுக்கினால் பல நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூட்டுக் காத்துக்குள் டீசலைப் பனிபோல் பீச்சினால் தானாகப் பத்திக்கும். ஆக, காத்தை நசுக்குவதற்கு வேகம் வேண்டும், சூடு வேண்டும், சரியான நேரத்துக்கு டீசல் வந்து சேர வேண்டும். பழைய டீசல் வண்டி எடுக்கவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று தெரியாமல் சாமான் மாத்த ஆரம்பித்தால் பர்ஸ்தான் காலியாகும்.

முதலில் காது. சாவியைத் திருப்பினதும் செல்ஃப் எப்படி அடிக்குது? வெறும் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டக டக டக'. அப்படியென்றால் இன்ஜினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார், இதுக்குள்ளதான் கோளாறு. 'உர்ர்... உர்ர்...' என்று கிழட்டு மாடு எழுந்திருக்கிற மாதிரி இழுத்தால் வேகம் இல்லை என்று அர்த்தம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரேயடியாகச் செத்துப்போனால் பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினலில் பிடிப்பு இல்லை. மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: ராத்திரி முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது இறங்கும், ஆனால் 9.6-க்குக் கீழே போனால் அந்த பேட்டரியை நம்பி விடியக்காலம் கிளம்பக்கூடாது.

பேட்டரி நல்லா இருந்தும் இழுவை இருந்தால் எர்த்தைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் இரும்புக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிளைப் பிடித்துவிட்டு அடித்தால் திடீரென்று ஜோராகச் சுத்தும். அப்படியானால் துருப்பிடித்த எர்த் பட்டையைச் சுரண்டி முறுக்கினாலே போதும். புது செல்ஃப் மோட்டார் வாங்கின பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் எங்க ஊரிலேயே ரெண்டு பேர் உண்டு.

என் வண்டியில் செல்ஃப் ஜோராகத்தான் அடித்தது. ஆக வேகம் இருக்கு. அடுத்தது கண்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் வாயைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரி டார்ச்சோடு நின்றது. "வெள்ளையா வருதுங்க. கண்ணு எரியுது" என்றது. இதுதான் பெரிய தடயம். வெள்ளைப் புகை வருது, டீசல் வாடை அடிக்குது, கண்ணைக் கரிக்குது என்றால் டீசல் உள்ளே போய்ச் சேருது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியே வருது. அதாவது சூடு இல்லை. எத்தனை அடித்தாலும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிஞ்சது. பழைய டீசல் வைத்திருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: புகை இருக்கா, இல்லையா?

அப்போது என் வண்டி இருபது, முப்பது நொடி அடித்தபிறகு ஒரு காலில் நொண்டுகிற மாதிரி எடுக்கும். வண்டியே குலுங்கும். ஒரு நிமிஷம் வெள்ளையாகக் கக்கிவிட்டு நாலு சிலிண்டரும் ஒன்றுசேர்ந்து ஓடும். அதற்கப்புறம் நாள் முழுக்கப் பிரச்னை இல்லை, அரைத் திருப்பில் எடுக்கும். குளிரில் மட்டும், விடியலில் மட்டும் தகராறு. ஹீட்டர் பிளக் என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஹீட்டர் பிளக் என்பது ஒவ்வொரு சிலிண்டர் பக்கத்திலும் பென்சில் மொத்தத்தில் செருகியிருக்கும் ஒரு குச்சி. சாவியைப் பாதி திருப்பினால் மீட்டர் போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியுமே, அந்த நேரத்தில் இந்தக் குச்சிகள் பழுக்கும். விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடிக்கணும். இதில் பலபேர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கு. "விளக்குதான் எரியுதே, அப்ப ஹீட்டர் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு நேரக் கணக்குக்கு எரிகிற விளக்கு. நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரிஞ்சு அணையும்.

சோதிக்க ஒரு 12 வோல்ட் பல்பும் ரெண்டு துண்டு வயரும் போதும். நாலு பிளக்கையும் சேர்க்கிற பட்டையைக் கழட்டிவிட்டு, பல்பின் ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள், இன்னொன்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிஞ்சால் பிளக்குக்கு உயிர் இருக்கு. எரியாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துபோச்சு. நாலும் எரிஞ்சால், பட்டைக்குக் கரண்ட் வருதா என்று பார்க்கணும். அப்போது கோளாறு ரிலேயில் இருக்கும், இல்லை ஃபியூஸில். என் வண்டியில் ஒன்றுதான் எரிந்தது. மூணு செத்திருக்கு. அந்த ஒற்றைக் காலில்தான் அது நொண்டியிருக்கு.

பஸ் ஸ்டாண்ட் ரோட்டு மெக்கானிக் தம்பியிடம் விட்டேன். நாலும் சேர்த்து 1,400 ரூபாய், கூலி தனி. இன்ஜின் சூடாக இருக்கும்போது பொறுமையாகத் திருகி எடுத்தான். பழைய பிளக் கரி பிடித்து இறுகியிருக்கும். வம்படியாகத் திருகினால் முனை உடைஞ்சு உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் ஹெட்டைக் கழட்டணும். அந்த வேலையை மட்டும் நீங்களாக வீட்டில் செய்யாதீர்கள். மறுநாள் காலையில் விளக்கு அணைந்தது, சாவியைத் திருப்பினேன், எடுத்துவிட்டது. புகையும் இல்லை. அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இதுக்கும் ஊசி போட்டியாடா?" என்றது.

மார்கழி போச்சு. தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சாவியைத் திருப்பினேன். எடுத்தது. ரெண்டு மூணு நொடி ஓடி, நின்றுவிட்டது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பத்து நொடி அடிப்பது, அரை நிமிஷம் விடுவது, மறுபடி அடிப்பது. (விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் கருகும், பேட்டரியும் போகும்.) வீட்டுக்காரி டார்ச்சோடு பின்னால் ஓடியது. "புகையே இல்லீங்க" என்றது.

அன்றைக்கு எடுக்கவே இல்லை. தெருவில் வந்த பால் வண்டிக்காரர் அக்காவை முன்னால் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வரைக்கும் விட்டார், அங்கிருந்து பஸ். திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. முதல் ஷிப்டுப் படுக்கைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மத்தியானத்து ஷிப்டில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் அக்கா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தாகம் எடுத்தால் தண்ணி குடிக்க முடியாது, அளவுதான். வாயை நனைத்துத் துப்பிவிட்டு, "நீ போய் மாட்டைப் பாரு, நான் இருந்துக்கறேன்" என்றது. நான் போகவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் தம்பி வந்து பார்த்தான். அதற்குள் வெயிலில் நின்ற வண்டி கொஞ்ச நேரம் அடித்ததும் எடுத்துவிட்டது. அவன் காதை வைத்துக் கேட்டான், பம்பைத் தடவிப் பார்த்தான்.

"பம்ப் வீக்காயிருச்சுண்ணே. இறக்கிக் குடுத்துரலாம்."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"பழைய பம்ப்பு. உள்ள என்ன தேஞ்சிருக்கோ. ஒரு 18, 20 வச்சுக்கங்க."

இருபதாயிரம். முருங்கை விலை அந்த வாரம் இருந்த இருப்புக்கு அது எங்களுக்கு ரெண்டு மாச மகசூல். அவனைக் குறை சொல்லவில்லை. டீசல் வரவில்லை என்றால் பம்ப்தான் என்று சொல்வது வழக்கம்தான், பலசமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. பம்ப் தேஞ்சுபோயிருந்தால் சூட்டில்தான் அதிகம் மக்கர் பண்ணும்; சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் நழுவும். என் வண்டி சூடானபின் அரைத் திருப்பில் எடுக்குது, மேட்டில் இழுவை குறையவில்லை. ராத்திரி நின்றால் மட்டும்தான் தகராறு. "ரெண்டு நாள் பொறு தம்பி" என்றேன்.

நின்றுபோக வைக்கும் ஸ்விட்ச் ஒன்று பம்பிலேயே இருக்கு. சாவி போட்டால் திறக்கும், எடுத்தால் மூடும். அதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். சாவியை ஆன் செய்துவிட்டு அதன் வயரைக் கழட்டி மறுபடி தொட்டால் 'டிக்' என்று கேட்கணும். கேட்டது. ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடித்தேன். தண்ணி இருந்தால் அடியில் தனியாக நிற்கும். தண்ணி இல்லை, சுத்த டீசல்.

அப்புறம்தான் கடவுளாகப் பார்த்து ஒரு துப்பு கொடுத்தார். எங்க கார் கொட்டகை வீட்டை ஒட்டி மேட்டில் இருக்கு. வண்டியை நேராக ஏற்றி நிறுத்தினால் மூக்கு மேலே, வால் கீழே. திங்கட்கிழமை ராத்திரி மச்சான் டிராக்டரைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டார். நான் காரை வாய்க்கால் பாதையில், சரிவைப் பார்த்து நிறுத்தினேன். மூக்கு கீழே, வால் மேலே. செவ்வாய்க்கிழமை விடியலில் வாடகைக் காருக்குச் சொல்லி வைத்துவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினால், முதல் அடியில் எடுத்துவிட்டது. நிற்கவும் இல்லை.

கிணத்து மோட்டார் வைத்திருக்கிற எவனுக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நகரத்தில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே இருக்கிற மோட்டார், கீழே இருக்கிற தண்ணியை உறிஞ்சணும். குழாய் முழுக்கத் தண்ணி நின்றால்தான் உறிஞ்சும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும், தண்ணி கீழே இறங்காமல் தடுக்க. அந்த வால்வு கசிந்தாலோ, குழாயில் மயிர் மொத்தத்துக்கு ஒரு ஓட்டை இருந்தாலோ, ராத்திரியில் தண்ணி கிணத்துக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் காத்தைத்தான் உறிஞ்சும். சாணித் தண்ணியைக் கரைத்து மேலே ஊற்றி நிரப்பி எடுப்போம். காரிலும் அதேதான். டேங்க் பின்னால், பம்ப் முன்னால். நடுவில் எங்கேயோ காத்து புகுது. மூக்கு மேலே இருந்தால் ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே இறங்கிவிடுது. காலையில் பம்பில் மிச்சமிருக்கிற டீசலுக்கு ரெண்டு நொடி ஓடுது, அப்புறம் காத்து வந்து நிற்குது. மூக்கு கீழே இருந்தால் டீசல் இறங்க இடமில்லை. அடுக்குமாடியில் சாய்வுப் பாதையில் நிறுத்துகிறவர்கள் ஒருநாள் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள், காசில்லாத சோதனை இது.

உறுதிப்படுத்த அன்று ராத்திரி வண்டியை வேண்டுமென்றே மேட்டில் மூக்கை ஏற்றி நிறுத்தினேன். மறுநாள் விடியலில் செல்ஃப் அடிக்காமல் முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அமுக்கினேன். லைன் நிறைஞ்சிருந்தால் அது நாலஞ்சு அமுக்கில் கெட்டியாகிவிடும். என்னுடையது பஞ்சு மாதிரி போய்வந்தது. முப்பத்திரண்டு அமுக்கு எண்ணினேன், அப்புறம்தான் கெட்டியானது. சாவியைத் திருப்பினேன், உடனே எடுத்தது. பம்ப் பாவம், அதன்மேல் தப்பு ஒன்றும் இல்லை.

இப்படி அமுக்கி எடுத்தே காலத்தை ஓட்டலாம். ஆனால் ஓட்டை பெரிசானால் நடுவழியில் நிற்கும், அதுவும் அக்காவை வைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஓட்டையைத் தேடினோம். இங்கேதான் பலருக்குக் குழப்பம். டீசல் எங்கேயும் சொட்டாது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. உறிஞ்சுகிற பக்கத்து ஓட்டை காத்தை உள்ளே விடும், டீசலை வெளியே விடணும் என்று அவசியம் இல்லை.

ஹார்டுவேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி ட்யூப் ஒரு மீட்டர் வாங்கினேன். மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன், அவனுக்கும் வேடிக்கையாக இருந்தது. ஃபில்டருக்கு முன்னால், டேங்கிலிருந்து வருகிற லைனில், ரப்பர் குழாயைக் கழட்டிவிட்டு இந்த ட்யூபைக் கிளிப் போட்டு மாட்டினோம். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், சோடா பாட்டில் மாதிரி குமிழி வரிசையாகப் போகுது. குமிழி ஃபில்டருக்கு அப்புறம் மட்டும் தெரிந்தால் ஃபில்டர் வாஷரிலோ கைப்பம்பிலோதான் கோளாறு. முன்னாலேயே தெரிந்ததால் அது டேங்க் பக்கம். அடுத்து, ஒரு கேனில் டீசல் ஊற்றி பேட்டரி பக்கத்தில் வைத்து, ட்யூபை அதில் முக்கிவிட்டோம். ரிட்டன் பைப்பையும் கேனுக்கே திருப்பிவிட்டோம். குமிழி நின்றுபோச்சு. ராத்திரி முழுக்க அப்படியே மேட்டில் விட்டோம். காலையில் கைப்பம்பைத் தொடாமல் அடித்தேன், எடுத்தது. அப்படியானால் ஃபில்டர், பம்ப், நாசில் எல்லாம் சுத்தம். டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான் திருடன்.

அந்த லைனில் பெரும்பகுதி இரும்புக் குழாய். ரெண்டு முனையிலும் துண்டு ரப்பர். தம்பி வண்டிக்கு அடியில் படுத்துக் கையாலேயே தடவிக்கொண்டு வந்தான். இன்ஜின் அறைக்குப் பின்னால், இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஆரம்பிக்கிற இடத்தில், கிளிப்பைக் கழட்டிப் பார்த்தால் அதற்குக் கீழே ரப்பர் வெடித்திருக்கு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடக்கிப் பிடித்தால்தான் விரிசல் வாய் திறக்குது, நம்ம ஊர்க் களிமண் கோடையில் வெடிக்கிற மாதிரி. வண்டியைக் குறை சொல்ல முடியாது. 17 வருஷம் இன்ஜின் சூட்டில் கிடந்த ரப்பர், அவ்வளவுதான்.

டீசல் தாங்குகிற ஹோஸ் ஒரு அடி, கிளிப் ரெண்டு. 130 ரூபாய். கையோடு நாசில்களுக்கு மேலே ஓடுகிற மெல்லிசு ரிட்டன் பைப்பையும் மாத்தச் சொன்னேன். அதுவும் அதே வயசு, அது வழியாகவும் காத்து புகும். கூலியோடு 600-க்குள் முடிந்தது. அந்தக் கண்ணாடி ட்யூபை மட்டும் வண்டியில் நிரந்தரமாக விடக்கூடாது, டீசல் பட்டுப்பட்டு விறைச்சுப்போய் உடையும், சோதனைக்குத்தான் அது.

ரெண்டு சங்கதி சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. வண்டி எடுக்கவில்லை என்றால் காத்து உறிஞ்சுகிற குழாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது என்று சில பேர் கிளம்புவார்கள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது ஆபத்து. உள்ளே குச்சி பழுத்திருக்கும்போது அந்த ஆவி போனால் நேரம் பார்க்காமல் வெடிக்கும், பிஸ்டனும் போகும், பக்கத்தில் நிற்கிறவன் முகமும் போகும். இன்னொன்று, தள்ளி எடுப்பது. டைமிங் பெல்ட் பழசாக இருந்தால் அந்தக் குலுக்கலில் பல் தாண்டிவிடும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எங்க தெருப் பையன்கள் நாலு பேர் ஆசையாகக் கை வைத்தபோதும் நான் விடவில்லை.

இப்போது தை முடிந்து மாசியும் பாதி போயிருச்சு. கொட்டகையில் மூக்கு மேலேதான் நிற்குது, நாலே முக்காலுக்கு ஒரே அடியில் எடுக்குது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கிப் பார்க்கிறேன், கெட்டியாக இருக்கு. பம்பின் முன்பக்க சீலில் மட்டும் லேசாக ஈரம் பூத்திருக்கு, சித்திரையில் முருங்கைப் பணம் வந்ததும் பார்க்கணும். மிச்ச ட்யூபை மெக்கானிக் தம்பி கேட்டான், "என்கிட்ட இருக்கட்டும்ணே" என்று. கொடுத்துவிட்டேன். போன வாரம் பழனி ரோட்டுக்காரர் ஒருத்தர் வண்டி அதே மாதிரி வந்து நின்றதாம்; பம்பில் கை வைக்காமல் முதலில் ட்யூபை மாட்டிப் பார்த்திருக்கிறான்.